மவுஸ் பிடித்த கையும் வலிக்கான ஜெல்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில், சில வாரங்களில் கம்ப்யூட்டர் மேஜை மீது இன்னொரு பொருளும் வந்து உட்கார்ந்துவிடும். அது வலிக்குத் தடவும் ஜெல் ட்யூப். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

எங்கள் ஊர் பாம்பன். அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில் டீசல், ஐஸ், ஆட்களின் பங்குக் கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தார். மூன்றே வாரத்தில் வலது மணிக்கட்டில் வலி. நான் விடுமுறைக்குப் போனபோது, "முப்பது வருசம் வலை இழுத்தப்ப வராத வலி, இந்த எலியைப் பிடிச்சு வந்துருச்சுப்பா" என்றார்.

மேஜையில் 30 கிராம் ஜெல் ட்யூப். இரண்டு நாளைக்கு ஒன்று காலியாகிறதாம். பக்கத்திலேயே ஒரு வலி மாத்திரை அட்டை. இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பெயர்: டைக்ளோஃபெனாக். அப்பா தினமும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஐகானைப் பார்க்காதீர்கள்

ஒரு பைலின் ஐகானை மட்டும் பார்த்து அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்ப்போம். ஜெல்லும் அப்படித்தான். ட்யூபின் முன்பக்கம் ஐகான். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் ப்ராப்பர்ட்டீஸ்.

சில களிம்புகளில் மெந்தால், மீத்தைல் சாலிசிலேட் போன்றவை மட்டும் இருக்கும். இவை தோலில் குளிர்ச்சியோ சூடோ தந்து வலியை மறக்கச் செய்பவை. டைக்ளோஃபெனாக் ஜெல் வேறு வகை. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதையே அது குறைக்கிறது. லேபிளில் "டைக்ளோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16 சதவீதம்" என்று இருந்தால், அது 1 சதவீத டைக்ளோஃபெனாக் சோடியத்துக்குச் சமம். பல ட்யூப்களில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும்.

எவ்வளவு பலன் தரும்?

சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற புதிய வலிக்கு நல்ல பலன் உண்டு. நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்தில் பலன் குறைவு. காக்ரேன் அமைப்பின் 2016 ஆய்வுத் தொகுப்பின்படி, டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் 10 பேருக்கு 6 பேர் நல்ல நிவாரணம் பெற்றார்கள். மருந்தில்லாத வெறும் களிம்பு தடவியவர்களில் 10க்கு 5 பேர்.

ஜெல்லின் பெரிய லாபம், மருந்து இரத்தத்தில் குறைவாகவே சேர்வது. ஒரு முழங்காலுக்கு நாளைக்கு 16 கிராம் தடவினால், மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான் சேரும். கூடவே அதே மாத்திரையையும் விழுங்கினால் இந்த லாபம் போயே போச்சு. இவ்வகை மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றலாம், இரத்த அழுத்த மருந்தின் வேலையைக் கெடுக்கலாம், சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம்.

தடவும் முறை

1. மணிக்கட்டுக்கு ஒரு வேளைக்கு 2 கிராம், நாளைக்கு அதிகபட்சம் 4 வேளை. 30 கிராம் ட்யூப் 15 வேளைக்கு வர வேண்டும். அப்பா செலவழித்தது ஏறக்குறைய இரு மடங்கு!

2. மெதுவாகத் தடவி, 10 நிமிடம் காயவிட்டுப் பிறகு மவுஸைத் தொடுங்கள். தடவிய இடத்தை 1 மணி நேரம் கழுவ வேண்டாம். தடவிவிட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.

3. காயம், புண் மீது தடவாதீர்கள். மேலே இறுக்கிக் கட்டுப் போடவோ வெந்நீர் ஒத்தடம் தரவோ வேண்டாம். தடவிய இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கடற்கரை வெயிலுக்கு இது மிக முக்கியம்.

4. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் தடவக் கூடாது. ஆஸ்துமா, சிறுநீரக அல்லது இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வலியின் காரணத்தைச் சரிசெய்யுங்கள்

எர்ரர் மெசேஜை மூடிவிட்டால் எர்ரர் போய்விடாது. ஜெல்லும் மெசேஜைத்தான் மூடுகிறது. அப்பா கம்ப்யூட்டரை வைத்திருந்தது நெஞ்சு உயர மர மேஜையில். கை அந்தரத்தில் தொங்க, மணிக்கட்டு மடங்கியிருந்தது. முழங்கை உயரத்தில் மவுஸ் இருக்கும்படி தாழ்வான மேஜைக்கு மாற்றினேன்.

அடுத்து விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, ப்ளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதியில் மவுஸ் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். பாயின்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கை நகரும் தூரம் குறையும். பிரைமரி மவுஸ் பட்டன் என்பதை ரைட் என்று மாற்றினால் இடது கையால் மவுஸ் பிடிக்கலாம், வலது கைக்கு ஓய்வு கிடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் அவசியம்.

மறுநாளே அப்பாவை இராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்கச் சொன்னார். ஜெல் மட்டும் சில நாட்கள், அதுவும் அளவோடு.

ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போனாலோ, இரவில் அந்த மரப்பு எழுப்பினாலோ டாக்டரைப் பாருங்கள். அது மணிக்கட்டு நரம்பு அழுத்தமாக இருக்கலாம். அதற்கு ஜெல் மருந்தல்ல.

இன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து, ட்யூபையும் மாத்திரை அட்டையையும் திருப்பிப் படித்துப் பாருங்கள். முக்கியமாக அப்பா, அம்மாவின் டப்பாவை.