சர்வர் வட்டில் இடங்காணும் முறை

களஞ்சியம் நிறைந்துவிட்டால் புதிய நெல்மூட்டையைத் திண்ணையிலேனும் வைக்கலாம். லினக்ஸ் சர்வரின் வட்டு நிறைந்துவிட்டாலோ, அதற்குத் திண்ணை இல்லை. தரவுத்தளம் எழுத மறுக்கும். வந்த செய்தி பதிவாகாமலே ஒழியும். அவ்வேளையில் மனம் பதறிக் கண்ணிற்பட்டதை அழித்தலே முதற்பிழையாகும்.

முதற்கண் செய்யத்தக்கது யாதெனின், எந்தப் பகுதி நிறைந்துள்ளது என்பதை 'டிஎப்' என்னும் கட்டளையால் அறிதல். ஒரு பகுதியின் நெருக்கடியை மற்றொரு பகுதியில் அழித்துத் தீர்க்க ஒண்ணாது. அதன்பின் 'டியூ' என்னுங் கட்டளையைக் கொண்டு மேலடைவினின்று படிப்படியாக இறங்கினால் பெருத்த அடைவு தானே வெளிப்படும். இவ்விரண்டும் 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்த பழங்கட்டளைகள். பெரும்பாலும் குற்றவாளி 'வார்' அடைவினுள் வளரும் பதிவுக்கோப்பே.

நிற்க. இவ்விரண்டின் கணக்கும் ஒவ்வாதிருத்தலும் உண்டு. ஒரு கல்லூரியின் சர்வரை யான் கவனித்துவந்த காலத்தில், சேர்க்கை விண்ணப்பத்தின் இறுதி நாளன்று 40 ஜிபி வட்டு முற்றும் நிறைந்தது. 22 ஜிபி அளவிற்குப் பெருத்திருந்த பதிவுக்கோப்பொன்றை அழித்தேன். டியூ குறைந்தது, டிஎப் அசையவில்லை! யூனிக்ஸ் மரபில் கோப்பின் பெயர் வேறு, உடல் வேறு. அழிப்பது பெயரையே. ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரையில் உடல் வட்டை விட்டு அகலாது. பெயருள்ளவற்றையே டியூ எண்ணும். டிஎப்போ நிரம்பிய இடம் முழுவதையும் எண்ணும். 'எல்எஸ்ஓஎப்' கட்டளை பெயரிழந்தும் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் என்பதை அறிந்து, வலைநிரலை மறுபடி தொடங்குவதற்குள் ஒன்றரை மணி கழிந்தது. அதற்கிடையே மாணவர் சிலர் அனுப்பிய விண்ணப்பங்கள் பதிவாகவில்லை. அவற்றை மீண்டும் கேட்டு வாங்கும்படி நேர்ந்தது. அழியாமல், 'ட்ரங்கேட்' கட்டளையால் கோப்பின் அளவைச் சுழியாக்கியிருந்தால் இடம் அப்பொழுதே கிடைத்திருக்கும்.

டிஎப் இடமுண்டு என்று காட்டியும் எழுத இயலாவிடின், ஐநோடுகள் தீர்ந்தனவா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் ஐநோடு தேவை. ஈஎக்ஸ்டி4 முறையில் அவற்றின் தொகை வட்டை அமைக்கும்போதே வரையறுக்கப்படுவதால், இலட்சக்கணக்கான சிறு கோப்புகளே வட்டை முடக்கிவிடும். அன்றியும் அம்முறை, மாற்றாவிடில், நூற்றுக்கு 5 பங்கை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும்.

இனி, எவற்றை நீக்கலாம்? 'ஆப்ட்' சேர்த்துவைத்த பொதிகளை அதன் 'க்ளீன்' கட்டளையாலும், பழைய ஜர்னல் பதிவுகளை 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையாலும் அச்சமின்றிக் குறைக்கலாம். பழைய கெர்னல்களைப் பொதிமேலாளரைக் கொண்டே நீக்குக, கையால் தொடவேண்டா. தரவுத்தளத்தின் அடைவை அணுகவே வேண்டா. போஸ்ட்கிரெஸ் தன் உயிர்நாடியான அடைவொன்றிற்குப் 'பிஜி எக்ஸ்லாக்' என்று பெயரிட்டிருந்தது. 'லாக்' என்ற சொல்லைக் கண்டு வெறும் பதிவென்றெண்ணி அழித்துத் தரவை இழந்தார் பலர். அதுபற்றியே 2017இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அதற்குப் 'பிஜி வால்' எனப் பெயர் மாற்றினர்.