எங்கிருந்து வந்தது: ஸ்டார் வார்ஸ் கேலக்ஸி

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ கதை நடக்கும் சுருள் கேலக்ஸிக்கு இப்போது முழு வரைபடமே இருக்கிறது. முதல் படத்தை எடுப்பதற்கு முன்பே ஜார்ஜ் லூகாஸ் இதையெல்லாம் திட்டமிட்டு வைத்திருந்தாரா?

பதில்: 1977 மே மாதம் வெளியான முதல் படத்தில் வரைபடத்துக்கு வேலையே இல்லை. ரொம்ப காலத்துக்கு முன்னால், ரொம்ப தூரத்து கேலக்ஸி ஒன்றில் என்று நீல எழுத்தில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். பாட்டி ‘ஒரே ஒரு ஊர்ல’ என்று ஆரம்பித்தால் எந்தத் தாலுகா என்று யாரும் கேட்பதில்லையே, அந்த மாதிரி. லூகாஸ் முதலில் எடுக்க ஆசைப்பட்டது ‘ஃபிளாஷ் கார்டன்’. அதன் உரிமை கிடைக்காமல் போனதால் சொந்தமாகக் கதை பண்ணினார். அந்த 1930களின் தொடர்படங்களில் இருந்துதான் திரையில் மேல்நோக்கி ஓடும் முன்கதை எழுத்தும் வந்தது.

ஆனால் வசனங்களில் சில தடயங்கள் சிந்திக் கிடந்தன. டாட்டூயின் என்ற பாலைவனக் கிரகத்தில் வளரும் லூக், வெளிச்சமான மையம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ரொம்பத் தொலைவில் இருப்பது தன்னுடைய ஊர்தான் என்று அலுத்துக்கொள்கிறான். கேலக்ஸியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பறந்தவன் நான் என்று விண்கப்பலோட்டி ஹான் சோலோ பீற்றிக்கொள்கிறான். டான்டூயின் கிரகம் ரொம்ப ஒதுக்குப்புறம், அதை அழித்தால் யாருக்கும் பயம் வராது என்று வில்லன் டார்கின் கணக்குப் போடுகிறான். மையம், விளிம்பு, இரண்டுக்கும் இடையே பெருந்தூரம்: படம் சொன்ன பூகோளம் இவ்வளவுதான்.

மிச்சத்தைச் செய்தவர்கள் விளையாட்டுக்காரர்கள். 1987இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் இந்தக் கதையை வைத்து ஒரு ‘ரோல் பிளேயிங்’ விளையாட்டு வெளியிட்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது. சினிமாவில் கப்பல் புறப்பட்டால் அடுத்த காட்சியில் போய்ச் சேர்ந்துவிடும். விளையாட்டில் அது நடக்காது. “இங்கேயிருந்து அங்கே போக எத்தனை நாள் ஆகும்?” என்று எதிரில் இருப்பவன் கேட்பான், ஆட்டத்தை நடத்துபவர் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகக் கிரகத்துக்குக் கிரகம் பயண நேரம் போட்டு அட்டவணை தயாரித்தார்கள். எழுத்தாளர் டிமத்தி ஸான் நாவல் எழுத உட்கார்ந்தபோது, லூகாஸ்ஃபிலிம் இந்த விளையாட்டுப் புத்தகங்களையே அவருக்கு அனுப்பி வைத்தது. 1991இல் வந்த அந்த நாவலுக்குப் பிறகு ஏராளமான நாவல்கள், காமிக்ஸ்கள். ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குச் சில கிரகங்களைத் தூவிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, முரண்பாடுகளை முடிந்தவரை சமாளித்து, ஒரே அட்லஸாகத் தொகுத்தவர்கள் டேனியல் வாலஸ், ஜேசன் ஃப்ரை. அது வெளிவந்தது 2009இல், அதாவது படம் வந்து 32 வருடம் கழித்து. இந்த கேலக்ஸியைப் படைத்தவர் லூகாஸ் என்றால், அதை அளந்து பட்டா போட்டவர்கள் இவர்கள். பாராட்டில் பாதி இவர்களுக்குச் சேர வேண்டும்.

கேள்வி: தலைநகரக் கிரகம் முழுக்க ஒரே நகரமாக இருக்கிறதே, அந்த யோசனை யாருடையது?

பதில்: கோரஸாண்ட் என்ற பெயரை வைத்தவர் மேலே சொன்ன டிமத்தி ஸான். திரையில் அது முதலில் தலைகாட்டியது 1997இல், மூன்றாம் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது. ஆனால் மூலப் பாத்திரம் ஐசக் அசிமோவின் டிரான்டார். 1940களில் பத்திரிகையில் வந்த அவருடைய ‘ஃபவுண்டேஷன்’ கதைகளில், கேலக்ஸியின் மையத்துக்குப் பக்கத்தில், உலோகக் கூரை போர்த்திய ஒரே நகரமாக ஒரு கிரகம், அங்கிருந்து ஆளும் பேரரசு, எங்கோ விளிம்பில் வளரும் எதிர்காலம் என்று எல்லாமே இருக்கிறது. ஒரு வித்தியாசம், அசிமோவ் எழுதியது நம்முடைய பால்வீதியைப் பற்றி.

இதில் வானியல் சிக்கல் ஒன்று உண்டு. பால்வீதியின் நட்டநடுவில் சூரியனைப் போல சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது, சுற்றிலும் நட்சத்திர நெரிசல். மையத்தை ஒட்டித் தலைநகரம் அமைப்பது அரசியலுக்குச் சரி. குடியிருக்க, சூரியனைப் போல 26,000 ஒளியாண்டு தள்ளி இருப்பதே உத்தமம்.

கேள்வி: 2002இல் வந்த படத்தில், வரைபடத்திலிருந்து ஒரு கிரகத்தையே அழித்துவிடுகிறார்கள். இது சாத்தியமா?

பதில்: பதிவை அழிக்கலாம், ஈர்ப்பை அழிக்க முடியாது. அந்தக் காட்சியில் வீரர் ஓபி-வானும் குரு யோடாவின் சின்னஞ்சிறு மாணவர்களும் கண்டுபிடிப்பது அதைத்தான். சுற்றியுள்ள நட்சத்திரங்கள் வெற்றிடம் ஒன்றை நோக்கி இழுபடுகின்றன, ஆகவே அங்கே ஏதோ இருக்கிறது. இது கற்பனை அல்ல. யுரேனஸ் கணக்குப்படி நகராமல் தடுமாறியதை வைத்து, கண்ணில் படாத ஒரு கிரகம் எங்கே இருக்கும் என்று பிரான்ஸின் லெ வெரியே காகிதத்தில் கணக்கிட்டார். 1846 செப்டம்பரில் பெர்லினில் வானியலாளர் காலே அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்பினார், நெப்டியூன் கிடைத்தது. மொத்தத் தொடரிலும் அறிவியலுக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் காட்சி இதுதான் என்பேன்.

கேள்வி: இரண்டாம் படத்தின் முடிவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு சுருள் மெதுவாகச் சுழல்கிறதே, அதுதான் அந்த கேலக்ஸியா?

பதில்: 1980இலிருந்து ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம். கேலக்ஸிதான் என்று ஒரு கட்சி, புதிதாக நட்சத்திரம் உருவாகும் வாயுத் தட்டு என்று இன்னொரு கட்சி. என் ஓட்டு இரண்டாவதற்கு. கேலக்ஸி சுழலும், ஆனால் நாம் நின்று பார்த்துத் தெரிகிற வேகத்தில் சுழலாது. பால்வீதியை ஒரு தடவை சுற்றிவர சூரியனுக்கு ஏறத்தாழ 23 கோடி வருடம் ஆகிறது. பிறந்ததிலிருந்து இன்றுவரை அது சுற்றி முடித்ததே சுமார் 20 சுற்றுதான்.