சைலன்சரும் ஒத்ததிர்வுக் குழாயும்

இசைக்கவையைத் தட்டி, ஒத்ததிர்வுக் குழாயில் நீர்மட்டத்தை இறக்கும் சோதனையை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். மதிப்பெண்ணோடு மறந்துவிடும் அச்சோதனை, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் குரலையே திருத்த வல்லது என்பதை இங்குக் காண்போம்.

1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட மியாட்டா, நான்கு சிலிண்டர் கார். கம்பீர ஒலியை விரும்பும் உரிமையாளர்கள் சிலர் வீட்டிலேயே அதன் சைலன்சரை மாற்றுவதுண்டு. அதன்பின் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்கையில், தலைவலி தரும் ரீங்காரம் எழக்கூடும். ஏன்?

நான்கு வீச்சு எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிப்பு நிகழ்த்துகின்றன. நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் எனில், நொடிக்கு 100 வெடிப்புகள். அதாவது 100 ஹெர்ட்ஸ்.

இதனை அடக்க, புகைக்குழாயின் பக்கத்தில், மறுமுனை மூடிய கிளைக்குழாய் ஒன்றைப் பற்றவைப்பர். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. உட்சென்று மீளும் அலை அரை அலைநீளம் பின்தங்கி, எதிர்க்கட்டத்தில் வந்து மூல அலையைத் தணிக்கிறது.

நீளம் எவ்வளவு? ஒலியின் திசைவேகம் 20 டிகிரி செல்சியசில் நொடிக்கு 343 மீட்டர். அதன்படி 86 செ.மீ. வரும். ஆனால் திசைவேகம் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. கிளைக்குழாய் வாயு 150 டிகிரி எனக் கொண்டால், திசைவேகம் 412 மீட்டர். நீளம் 103 செ.மீ. வெப்பத்தை மறந்தவர் குழாயைக் குட்டையாக வெட்டி ஏமாறுவார்!

ஒன்றை மட்டும் தொடலாகாது. வினையூக்கி மாற்றி நச்சுப்புகையைக் குறைப்பதற்கானது. ஒலிக்காக அதைக் கழற்றுவது பிறர் மூச்சுக்குச் செய்யும் தீங்கு. உரத்த ஒலி வேறு, இனிய ஒலி வேறு. அவ்வேறுபாட்டை நம் ஆய்வகக் குழாயே கற்பிக்கிறது.