கணினிப் பாடம்: வந்த வழியே திரும்புதல்

பிறர் எழுதிய நிரலைப் படிப்பது, புது ஊரில் விலாசம் தேடுவது போன்றது. பிழை ஒரு வரியில் தெரியும். காரணம் முந்நூறு வரிகளுக்கு அப்பால் இருக்கும். அதன் மூலம் வேறொரு கோப்பில் கிடக்கும். நான்கு இடம் தாவியபின், புறப்பட்ட இடம் மறந்துவிடும். அவசரத்தில் தவறான இடத்தைத் திருத்தினால், இருந்த பிழையோடு புதுப் பிழையும் சேரும். கல்லூரியிலும் வேலையிலும் நிரல் எழுதும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாடத் தொல்லை.

இதற்கு வழி, 'விம்' என்னும் எழுத்துத் தொகுப்பியிலேயே உள்ளது. பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய 'விஐ'யைப் பின்பற்றி, பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டது இது. நாம் தாவிய இடங்களில் கடைசி நூறு வரை இது நினைவில் வைத்திருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீங்கள் 40-ஆம் வரியில் இருக்கிறீர்கள். 310 என்று தட்டி, பெரிய எழுத்து 'ஜி'யை அழுத்தி 310-ஆம் வரிக்குச் செல்கிறீர்கள். அங்கிருந்து ஒரு சொல்லைத் தேடி 520-ஐ அடைகிறீர்கள். இப்போது கன்ட்ரோல் விசையுடன் 'ஓ'வை அழுத்தினால் 310. மீண்டும் அழுத்தினால் 40. கன்ட்ரோலுடன் 'ஐ'யை அழுத்தினால் முன்னோக்கி 310-க்கே வரலாம். வேறு கோப்புக்குப் போயிருந்தாலும் இதே முறைதான். முக்காற்புள்ளி இட்டு 'ஜம்ப்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் விசையை அழுத்தினால் முழுப் பட்டியலும் தெரியும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்புக்குறி விசையால் வரிவரியாக நகர்ந்தால் அது தாவலாகப் பதிவாகாது. அப்படி நகருமுன், 'எம்' விசையையும் அடுத்து ஒற்றை மேற்கோள் குறியையும் தட்டுங்கள். அந்த இடம் பட்டியலில் சேர்ந்துவிடும்.

கடைசியாகத் திருத்திய இடத்துக்குத் திரும்ப, சிறிய எழுத்து 'ஜி'யும் அரைப்புள்ளியும் போதும். உணவு இடைவேளைக்குப் பின் வேலையைத் தொடர இது மிக உதவும்.

விண்டோஸில் 'விஎஸ் கோட்' பயன்படுத்துவோர், ஆல்ட் விசையுடன் இடது அம்புக்குறியை அழுத்திப் பின்னோக்கியும், வலது அம்புக்குறியை அழுத்தி முன்னோக்கியும் செல்லலாம்.

பயிற்சி: உங்களிடமுள்ள பெரிய நிரல் ஒன்றைத் திறந்து ஐந்து இடங்களுக்குத் தாவுங்கள். பிறகு, வரி எண்ணைப் பார்க்காமல் முதல் இடத்துக்குத் திரும்புங்கள். ஒரு வாரம் பழகினால் விரல்களுக்கே வழி தெரிந்துவிடும். மனம் பிழையைத் தேடும் வேலையை மட்டும் பார்க்கும்.