போதும் என்று சொல்லும் புரதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

வளர்ந்து முடிந்த எலும்பில் என்ன வேலை நடக்கப் போகிறது என்று எழுதியிருந்தாய். நிறைய நடக்கிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களுக்கும் புது எலும்பு கட்டும் செல்களுக்கும் ஆயுள் முழுக்க ஓய்வே இல்லை. எலும்புக்குள்ளேயே புதைந்து வாழும் ஆஸ்டியோசைட்டுகள்தான் அவற்றுக்கு மேஸ்திரி. கட்டும் செல்களை ‘வின்ட்’ புரதங்கள் தூண்டுகின்றன. அந்தத் தூண்டுதல் உள்ளே போகாதபடி ஏற்பியை அடைத்துக்கொள்வது, ஆஸ்டியோசைட்டுகள் சுரக்கும் ஸ்கிளிரோஸ்டின்.

வளர்ச்சியைத் தடுப்பது எதற்கு என்று தோன்றும். அது இல்லாமல் பிறந்தவர்களைப் பார். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்ற நோய் உண்டு. எலும்பு லேசில் முறியாது. ஆனால் மண்டையோடு தடித்துக்கொண்டே போகும்; நரம்புகள் நசுங்கி முகம் செயலிழக்கும், காது கேட்காமல் போகும், மூளையில் அழுத்தம் ஏறி உயிரே போகலாம். 1955இல் நெதர்லாந்து மருத்துவர் வான் புகெம் விவரித்த நோயும் இதே சாயல்தான், சற்று மிதமானது. காரணமான மரபணு 2001இல் அகப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், வான் புகெம் நோயில் மரபணுவில் பழுதே இல்லை! அதற்குத் தள்ளி, அதை இயக்கிவிடும் சுமார் 52,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டுதான் காணாமல் போயிருந்தது.

எனக்கு இந்த நோயாளிகளைவிட இவர்களின் பெற்றோர்தான் முக்கியமாகப் படுகிறார்கள். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதான அவர்களுக்கு எலும்பு அடர்த்தி கூடுதல், நோயோ இல்லை. அப்படியானால் ஸ்கிளிரோஸ்டினைக் கொஞ்சம் அடக்கினால் ஆபத்தில்லாமல் எலும்பு வலுக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. அதில் விளைந்த ரோமோசோசுமாப் ஊசிக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மாதம் ஒருமுறை, ஓராண்டு மட்டும். பிறகு எலும்பு கரைவதைத் தடுக்கும் வேறு மருந்தைத் தொடராவிட்டால் சேர்ந்த எலும்பு கரைந்துவிடும்.

மருந்தில்லாமலும் ஸ்கிளிரோஸ்டின் குறையும். எலும்பின்மேல் பாரம் விழும்போது ஆஸ்டியோசைட்டுகள் அதைக் குறைவாகவே சுரக்கின்றன. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் அது கூடுகிறது. டாக்டர்கள் நடக்கச் சொல்வது சும்மா இல்லை.

பாட்டிக்கு இந்த ஊசியைப் போடலாமா என்று உன் அம்மா விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது என்பது மருந்தோடு வரும் எச்சரிக்கை. பாட்டியின் இதய சிகிச்சைக் கோப்பை மறக்காமல் எலும்பு டாக்டரிடம் எடுத்துப் போகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா