இரண்டரை வயதுப் பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை

கேள்வி: என் மகளை என் தம்பிக்கே கட்டிக் கொடுத்தோம். இருவரும் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார்கள். பேரன் என்னோடு இருக்கிறான். வயது இரண்டரை. நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், டிவியில் விளம்பரம் வந்தால் ஓடி வருவான். அதனால் காது கேட்கிறது என்றே நினைக்கிறோம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்பதால் குழம்புகிறான் என்கிறார்கள். வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், பொறுத்திரு என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்

பதில்: பொறுத்திருக்க வேண்டாம், அம்மா. ஒரு வயதையொட்டி முதல் வார்த்தை வரும். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தை அளவுக்குச் சேர்ந்து, ‘பால் குடு’, ‘தாத்தா வா’ என்று இரண்டிரண்டாகக் கோக்கத் தொடங்கும். ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவது உண்டுதான். ஆனால் இரண்டரை வயதில் நாலைந்து வார்த்தை என்பது அந்தக் கணக்கில் அடங்காது.

முதலில் பார்க்க வேண்டியது காதை. விளம்பரச் சத்தத்துக்கு ஓடி வருவதால் மட்டும் காது முழுதாகக் கேட்கிறது என்று சொல்ல முடியாது. கனத்த ஒலிகள் கேட்கும் குழந்தைக்கும் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் தப்பிப் போகலாம். அப்போது பேச்சு அரைகுறையாகவே காதில் விழும், விழாததை வாய் சொல்லாது. அடிக்கடி சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலும் இப்படி ஆகும். சொந்தத்தில், அதிலும் தாய்மாமன் உறவில் நடக்கும் திருமணங்களில் பிறவிக் காதுகேளாமைக்கான வாய்ப்பு கூடுதல். உங்கள் மீது குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய தகவல் இது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓ.ஏ.இ. சோதனையில் காதில் சிறு குமிழை வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். பெரா சோதனை குழந்தை தூங்கும்போது செய்வது, வலி இருக்காது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டினாலும் அந்த மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தால் கருவி பொருத்துவார்கள். அது போதாத குழந்தைகளுக்கு, ஆறு வயதுக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி அறுவைச் சிகிச்சைக்கு வழி உண்டு. வயது ஏற ஏற அதன் பலன் குறையும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

காதில் குறையில்லை என்றாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? மற்ற பிள்ளைகளோடு விளையாடுகிறானா? இவை இல்லையென்றால் ஆட்டிசம் உண்டா என்று குழந்தைகள் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரண்டு மொழியால் பேச்சு பிந்தாது. தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்தே எண்ணுங்கள். உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் தாராளமாகப் பேசுங்கள். வசம்பு பேச்சை வரவழைக்காது, வாந்திதான் வரும். நாக்குக்கு அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் திருத்தமாக வராமல் போகலாம். ஆனால் ஒரு பிள்ளை பேசாமலேயே இருக்க அது காரணமல்ல.

பயிற்சியாளர் வாரத்தில் முக்கால் மணி நேரம் பார்ப்பார். மீதி நேரமெல்லாம் அவன் உங்களிடம்தான் இருக்கிறான். அதனால் பயிற்சியின்போது வெளியே உட்காராமல் கூடவே இருந்து பாருங்கள். களி கிளறும்போதும் ஆட்டுக்குத் தழை போடும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ‘பாலா, பழமா?’ என்று கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். ‘தண்ணி’ என்றால் ‘தண்ணி வேணுமா? இந்தா தண்ணி’ என்று நீட்டிச் சொல்லுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று வற்புறுத்தினால் இருக்கும் வார்த்தையும் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குக் கைப்பேசி வேண்டாம். பெற்றோர் வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் கொடுங்கள், அவர்களோடு பேசட்டும்.

தனியார் மையத்துக்குப் போவதானால், பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். மூன்று மாதத்தில் பேச வைக்கிறேன் என்று உறுதி சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பிறப்புச் சான்று, ஆதார், காப்பீட்டு அட்டை, தடுப்பூசி அட்டை ஆகியவற்றோடு இந்த வாரமே கிளம்புங்கள். மகள் ஊருக்கு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். பாட்டியே அழைத்துப் போனால் போதும்.