இறைசித்தத்தை அறிவது எப்படி?



கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போதெல்லாம் இறைவனின் சித்தம் நிறைவேற வேண்டுமென மன்றாடுகிறோம். ஆனால் வீட்டில் ஒரு தீர்மானம் எடுக்கவேண்டி வந்ததும் அச்சித்தத்தை எங்கே தேடுவதெனத் தடுமாறுகிறோம்.

உடுவிலில் ஒரு குடும்பம் என வைத்துக்கொள்வோம். சில பரப்புச் செம்மண் தோட்டம், ஒரு கிணறு, வயது சென்ற தாய். வெங்காயம் வைத்துச் சீவியம் நடத்துகிறான் மகன். காணியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வரும்படி கனடாவிலிருந்து தமையன் அழைக்கிறான். போனால் தாயை யார் பார்ப்பது? நின்றால் பிள்ளைகளின் எதிர்காலம் என்ன?

இத்தகைய வேளையில் சிலர் திருவுளச்சீட்டுப் போடுவர். சிலர் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே பதிலாகக் கொள்வர். இவர்கள் தேடுவது இறைசித்தத்தையா, அல்லது தீர்மானிக்கும் பாரத்திலிருந்து விடுதலையையா? புத்தியையும் சுயாதீனத்தையும் இறைவன் தந்தது நாம் அவற்றைப் பயன்படுத்துவதற்கே.

நமது மண்ணில் கால் பதித்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரிடம் வர அவர் ஆவல் கொண்டார். மிக நல்ல ஆவல்! ஆயினும் 1681ஆம் ஆண்டு மேலதிகாரிகள் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். அவர் முறுமுறுக்கவில்லை, கொடுக்கப்பட்ட பணியை முழுமனதோடு செய்தார். கோவாவுக்குத் திரும்பிய பின், 1686இல்தான் இலங்கைக்குப் புறப்பட முடிந்தது. 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து நோயில் விழுந்தார். பின்பு, உடுவிலுக்கு அதிக தூரமில்லாத சில்லாலையில் தங்கி மறைவாகப் பணிபுரிந்தார். 1692இல் கண்டியில் ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். அவரைத்தான் 2015ஆம் ஆண்டு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

இதிலிருந்து நாம் கற்பதென்ன? நல்ல ஆசையும் காத்திருக்க வேண்டியிருக்கலாம். வழியில் துன்பம் வந்ததால் தீர்மானம் தவறென்று ஆகிவிடாது. வழி இலகுவாயிருப்பதால் அது இறைசித்தமென்றும் ஆகிவிடாது.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது?

முதலாவது, எது கேள்வி, எது கேள்வியல்ல எனப் பிரித்தறியுங்கள். தாயைக் கைவிடலாமா என்பது கேள்வியே அல்ல. நான்காம் கற்பனை அதற்கு ஏற்கெனவே பதில் கூறிவிட்டது. அவரை எவ்வாறு பராமரிப்பது என்பதே கேள்வி. பாவமானதை ஒதுக்கிய பின், நல்லவை இரண்டினுள் எதைத் தெரிவது என்பதிலேதான் தேடுதல் தொடங்குகிறது.

இரண்டாவது, உங்கள் ஆசையைச் சோதியுங்கள். புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில் இதற்கு வழி காட்டுகிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன புத்தி சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் கிடக்கும்போது, இன்று எதைத் தெரிந்திருக்க விரும்புவீர்கள்? அயலவர் மாடிவீடு கட்டுவதைப் பார்த்து எழுந்த ஆசை இக்கேள்விகளின்முன் நிற்காது.

மூன்றாவது, ஆலோசனை கேளுங்கள். பங்குக் குருவிடம், அனுபவமுள்ள பெரியவர்களிடம் பேசுங்கள். முக்கியமாக, தீர்மானத்தால் பாதிக்கப்படுவோரைக் கேளுங்கள். மகனும் தமையனும் மாதக்கணக்காகத் தொலைபேசியில் பேசுகிறார்கள். திண்ணையில் இருக்கும் தாயிடம் யாராவது கேட்டார்களா?

நான்காவது, மனம் சோர்ந்து குழம்பியிருக்கும் வேளையில் முன்செய்த நல்ல தீர்மானத்தை மாற்றாதீர்கள். இதுவும் இஞ்ஞாசியாரின் அறிவுரையே. ஒருமுறை வெங்காயம் அழுகி நட்டப்பட்ட இரவில் காணிக்கு விலை பேச வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின்பும் முழு நிச்சயம் கிடைக்காமற் போகலாம். அஞ்ச வேண்டாம். கெத்செமனித் தோட்டத்தில் இயேசுவும் வியர்வை சிந்திப் போராடியே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். நேர்மையாகத் தேடித் தீர்மானித்தவனை, அவன் போனாலும் நின்றாலும், இறைவன் கைவிடுவதில்லை.

இன்றிரவு செபத்தின்பின் உங்களையே கேட்டுப் பாருங்கள்: இறைவன் "வேண்டாம்" என்றால் ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமா? ஆயத்தமில்லையெனில், நாம் இன்னும் கேட்பது அவரது சித்தத்தையல்ல. நமது விருப்பத்துக்கு அவரது கையொப்பத்தையே.